உங்களைக் கேட்டா கொடுத்தார்கள்?

புத்தூர் வட்டாரப் பங்குதாரர்களுக்கு ஒரு திறந்த மடல்



ரயில்வேயிலும் பெல்லிலும் வங்கியிலும் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்த்து ஓய்வு பெற்று, கைக்கு வந்த தொகையில் ஒரு பங்கை ஷேரிலும் மியூச்சுவல் ஃபண்டிலும் போட்டு வைத்திருக்கும் உங்களுக்குத்தான் இந்த மடல். நாலு ரோட்டில் டீ ஆறுவதற்குள் நிஃப்டி எத்தனை புள்ளி என்று பார்த்துவிடுபவர்கள், பேரன் பேரில் மாதாமாதம் எஸ்ஐபி கட்டுபவர்கள், அப்பா விட்டுப்போன சிமெண்ட் கம்பெனிப் பத்திரங்களைத் தில்லைநகர் புரோக்கரிடம் கொடுத்து டீமேட் ஆக்கியவர்கள், எல்லோரும் இதில் சேர்த்தி. நானும் உங்கள் வரிசையில் கடைசியில் நிற்கும் ஒரு பொடிப் பங்குதாரன்தான்.

தேர்தலில் புரளும் பணத்தைப் பற்றிப் பேச வேண்டும். அதைக் கட்சிக்காரர்களிடமோ முதலாளிகளிடமோ போய்ச் சொல்வதுதானே என்று நீங்கள் கேட்கலாம். காகிதப்படி அந்த முதலாளிகளில் நீங்களும் ஒருவர். அதனால்தான் உங்கள் வாசலுக்கு வந்திருக்கிறேன்.

2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் வங்கிப் பத்திரம் வாங்கிக் கட்சிகளுக்குக் கொடுக்க வழி செய்த தேர்தல் பத்திரத் திட்டத்தை ஒருமனதாக ரத்து செய்தார்கள். தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையில் அமைந்த அமர்வு. பத்திர விவரத்தைத் தேர்தல் ஆணையத்துக்குத் தர ஜூன் 30 வரை அவகாசம் வேண்டும் என்று ஸ்டேட் வங்கி கேட்டதும், மார்ச் 11-இல் நீதிமன்றம் முடியாது என்றதும், மறுநாளே விவரம் போய்ச் சேர்ந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். மூன்றரை மாதம் கேட்டவர்கள் ஒரே நாளில் விவரம் கொடுத்ததை அப்போது நாம் எல்லோரும் பேசிச் சிரித்தோம்.

அந்தத் தீர்ப்பில் இன்னொரு பாதி இருந்தது. அதைப் பற்றி நம் பக்கம் யாரும் பேசிக் கேட்டதில்லை. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 182-வது பிரிவு, ஒரு கம்பெனி கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கட்சிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்றது. எந்தக் கட்சிக்கு எவ்வளவு என்று லாப நட்டக் கணக்கில் காட்டவும் சொன்னது. 2017 நிதிச் சட்டம் இரண்டையும் எடுத்துவிட்டது. எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம், நஷ்டத்தில் ஓடும் கம்பெனியும் கொடுக்கலாம், யாருக்கு என்று கணக்கில் சொல்ல வேண்டாம் என்றாகிவிட்டது. நீதிபதிகள் அந்த மாற்றத்தையும் செல்லாது என்றார்கள். தனி மனிதர் கொடுப்பதும் கம்பெனி கொடுப்பதும் ஒன்றல்ல, கம்பெனி கொடுப்பது பதிலுக்கு ஏதோ எதிர்பார்த்துச் செய்யும் வியாபாரம் என்பது அவர்கள் சொன்ன காரணம். 7.5 சதவீத வரம்பு திரும்பி வந்திருக்கிறது. பெயரைச் சொல்லும் கடமையும் திரும்பி வந்திருக்கிறது. வராதது ஒன்று உண்டு. அதற்குத்தான் இந்த மடல்.

நன்கொடை கொடுக்க ஒரு கம்பெனி யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? இயக்குநர்கள் கூடி ஒரு தீர்மானம் போட்டால் போதும். பங்குதாரரைக் கேட்க வேண்டியதில்லை. ஆடிட்டரை நியமிக்க உங்கள் ஓட்டு வேண்டும், இறுதி டிவிடெண்டுக்கு உங்கள் ஒப்புதல் வேண்டும், கம்பெனியின் பெயரை மாற்ற உங்கள் ஓட்டு வேண்டும். ஒரு கட்சிக்குப் பத்துக் கோடி கொடுக்க மட்டும் வேண்டாம்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. முன்பெல்லாம் சென்னையில் சபா அரங்குகளில் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடக்கும். அதிகாலை ரயிலைப் பிடித்துப் போய்விட்டு வந்தவர்கள் உங்களில் உண்டு. இனிப்பு, காரம், காபி, சில இடங்களில் கையில் ஒரு பை. பைக்குள் டிபன் பாக்ஸோ ஃபிளாஸ்கோ இருக்கும். பிறகு அப்படிப் பரிசுப் பொருள் கொடுக்கக் கூடாது என்று 2015-இல் விதி வந்துவிட்டது. பங்குதாரருக்கு எவர்சில்வர் டப்பா கொடுக்கத் தடை, கட்சிக்குக் கோடி கொடுக்கத் தீர்மானம் போதும். இப்படி ஒரு நாட்டில் நாம் பங்கு வாங்கி வைத்திருக்கிறோம்.

சட்டத்தின் கண்ணில் கம்பெனி யார் என்பதில்தான் எல்லாச் சிக்கலும் தொடங்குகிறது. 1963-இல் ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம், கம்பெனி குடிமகன் அல்ல என்று தீர்த்துச் சொன்னது. பேச்சுரிமையும் தொழில் செய்யும் உரிமையும் அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவில் வருகின்றன. அந்தப் பிரிவு குடிமக்களுக்கு மட்டும். ஆகவே கம்பெனிக்கு நேரடியாக அந்த உரிமைகள் கிடையாது. ஆனால் சுற்று வழி ஒன்று பிறந்தது. 1969-இல் இந்திரா காந்தி அரசு 14 வங்கிகளை நாட்டுடைமை ஆக்கியபோது உச்ச நீதிமன்றப் படியேறியவர் ஆர்.சி. கூப்பர் என்ற பங்குதாரர். கம்பெனியை அடித்தால் பங்குதாரரின் உரிமைக்கும் வலிக்கும், அவர் வழக்காடலாம் என்று 1970-இல் தீர்ப்பு வந்தது. 1972-இல் செய்தித்தாள் காகிதக் கட்டுப்பாட்டை எதிர்த்து பென்னட் கோல்மன் வழக்கு ஜெயித்ததும் பங்குதாரர், ஆசிரியர் ஆகியோரின் பேச்சுரிமையைக் காட்டித்தான். அந்த இரண்டு தீர்ப்புகளையும் நான் குறை சொல்லவில்லை. பத்திரிகைச் சுதந்திரத்துக்கு இரண்டாவது தீர்ப்பு பெரிய அரண்.

நான் காட்ட வருவது வேறு. உரிமை கேட்கப் போகும்போது கம்பெனி உங்களை முன்னால் நிறுத்துகிறது: இவர் குடிமகன், இவருக்குப் பேச்சுரிமை உண்டு, பாருங்கள் என்கிறது. அரசியலில் பணம் போடும்போது அதே உங்களிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. உங்கள் குடியுரிமையைக் கடன் வாங்கியவர்கள் உங்கள் அரசியல் கருத்தை விசாரிக்கக்கூட இல்லை.

நம் தமிழ்நாட்டுக் கணக்கைப் பார்ப்போம். தேர்தல் பத்திரம் மூலம் வந்த 656.5 கோடி ரூபாயில் யார் எவ்வளவு தந்தார்கள் என்று திமுக தேர்தல் ஆணையத்திடம் பெயர் பெயராகச் சொல்லியிருந்தது. பெரிய கட்சிகள் பலவும் எங்களுக்குத் தெரியாது என்று கைவிரித்தபோது இதைச் செய்தார்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பட்டியலில் 509 கோடி ஃபியூச்சர் கேமிங் என்ற லாட்டரி நிறுவனத்துடையது. கோவை சாண்டியாகோ மார்ட்டினின் நிறுவனம். நாட்டிலேயே அதிகப் பத்திரம் வாங்கியதும் அதுதான், 1,368 கோடிக்கு. அந்த ஆண்டுகளில் அது காட்டிய லாபத்தைப் போலப் பல மடங்கு. திரிணமூல் காங்கிரஸுக்கும் 500 கோடிக்கு மேல் போயிருக்கிறது. தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை வந்தது 2003 ஜனவரியில். நம் தெருக்களில் விற்க முடியாத சீட்டின் பணம், நம் தெருக்களில் ஓட்டுக் கேட்டு வரும் கட்சிக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

ஃபியூச்சர் கேமிங்கில் உங்களுக்கோ எனக்கோ பங்கு இல்லை. அதே பட்டியலில் இந்தியா சிமெண்ட்ஸ் 14 கோடி என்று ஒரு வரி உண்டு. அதிமுக தனக்கு வந்ததாகச் சொன்ன 6.05 கோடியில் 5 கோடி சென்னை சூப்பர் கிங்ஸ் கிரிக்கெட் லிமிடெட் கொடுத்தது, 2019 ஏப்ரலில், நாடாளுமன்றத் தேர்தலுக்குச் சற்று முன்பு. கிரிக்கெட் கம்பெனி பிரிந்தபோது இந்தியா சிமெண்ட்ஸ் பங்குதாரர்களுக்கு அதிலும் பங்கு ஒதுக்கினார்கள். ஆக உங்களில் சிலர் கையில் இரண்டும் இருந்திருக்கும். தோனி இறங்கும்போது 'நம்ம கம்பெனிடா' என்று பேரனிடம் பெருமை பேசியிருப்பீர்கள். உங்கள் ஒரு பங்கு திமுகவுக்குப் போனது, இன்னொரு பங்கு அதிமுகவுக்குப் போனது. நீங்கள் இரண்டு கட்சிக்கும் ஓட்டுப் போடாத ஆளாகக்கூட இருக்கலாம். கம்பெனிகள் சட்டத்தை மீறின என்று நான் சொல்லவில்லை; அன்றைய சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. இரண்டு பக்கமும் கொடுத்து வைப்பதை வியாபாரிகள் புத்திசாலித்தனம் என்பார்கள். நான் கேட்பது: உங்களைக் கேட்டா கொடுத்தார்கள்?

இது ஏதோ திராவிடக் கட்சிகளின் கதை என்று முடித்துவிட வேண்டாம். 2019 ஏப்ரலுக்குப் பிறகான ஸ்டேட் வங்கிக் கணக்கில் பாஜகவுக்குப் போனது மட்டும் ஏறத்தாழ 6,060 கோடி. எல்லாக் கட்சிகளும் சேர்ந்து வாங்கியதில் கிட்டத்தட்டப் பாதி. பத்திரமே வேண்டாம் என்று வழக்குப் போட்ட மார்க்சிஸ்ட் கட்சி ஒரு பத்திரமும் வாங்கவில்லை. ஆனால் 2019 தேர்தல் செலவுக் கணக்கில் இரு கம்யூனிஸ்ட் கட்சிகளுக்குமாகச் சேர்த்து 25 கோடி கொடுத்ததாகத் திமுக காட்டியது. கூட்டணி என்றால் பணமும் கூட்டாகத்தான் ஓடும் போலிருக்கிறது.

திருச்சிக்காரர்களுக்கு இந்தக் கதையில் கூடுதலாக ஒரு வலி உண்டு. அரியலூர் பக்கம் போகும் ரயிலில் கல்லக்குடி வரும். சிமெண்ட் ஆலை முதலாளியின் பெயரால் அந்த ஊரை டால்மியாபுரம் என்று ஆக்கினார்கள். ஒரு கம்பெனி ஊரின் பெயரை விழுங்குவதா என்று 1953 ஜூலை 15-இல் திமுக போராடியது. ரயில் மறியலில் கருணாநிதி தண்டவாளத்தில் படுத்தார், சிறைக்குப் போனார். மூன்று ஆண்டு கழித்து 1956-இல் அதே கட்சி நம் திருச்சியில் மாநாடு கூட்டி, தேர்தலில் நிற்பதா வேண்டாமா என்பதை வந்திருந்த தொண்டர்களிடமே பெட்டி வைத்து வாக்கெடுத்தது. நிற்கலாம் என்று ஐம்பத்தாறாயிரத்துக்கு மேல் சீட்டு விழுந்தது. 1967 தேர்தலுக்குக் கட்சி வைத்த நிதி இலக்கு 10 லட்சம். கருணாநிதி 11 லட்சம் திரட்டிக் கொடுத்தார். சைதாப்பேட்டை வேட்பாளராக அவரை அறிவிக்கும்போது அண்ணா பெயரைச் சொல்லாமல் 'பதினொரு லட்சம்' என்றார் என்பது கட்சிக்காரர்கள் இன்னும் சொல்லி மகிழும் கதை. ஊர் ஊராகக் கூட்டம் போட்டு, உண்டியல் குலுக்கி, துண்டேந்திச் சேர்த்த காசு அது. அதில் யாருடைய காசு பெரியது என்று யாருக்கும் தெரியாது. ஒரே ஒருவர் 509 கோடி கொடுத்தால், கொடுத்தவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும்.

தேர்தல் நேரத்தில் நம் பக்கத்துச் சந்துகளில் கவர் கொடுக்கப்படுவதைப் பார்த்துவிட்டு, 'ஐநூறுக்கும் ஆயிரத்துக்கும் ஓட்டை விற்கிறார்கள்' என்று நீங்கள் தலையில் அடித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். 2016-இல் நமக்கு மேற்கே அரவக்குறிச்சியிலும் கிழக்கே தஞ்சாவூரிலும் பணப் பட்டுவாடாவுக்காகத் தேர்தலையே நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு ஆர்.கே. நகர் இடைத்தேர்தல், 2019-இல் வேலூர். வாங்குகிறவரைத் திட்டுவது சுலபம், அவர் எதிர்வீட்டுக்காரர். அந்தக் கவருக்குள் இருந்த நோட்டு எங்கிருந்து கிளம்பியது என்று யார் கேட்டோம்? கம்பெனிக் காசோலைதான் கவராகிறது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் சட்டமன்ற வேட்பாளருக்கு 40 லட்சம், நாடாளுமன்ற வேட்பாளருக்கு 95 லட்சம் என்று நம் மாதிரிப் பெரிய மாநிலங்களில் வரம்பு வைத்திருக்கும் இந்த நாட்டில், கட்சி செய்யும் செலவுக்கு வரம்பே கிடையாது. 1974-இல் கன்வர்லால் குப்தா வழக்கில் கட்சி செய்த செலவும் வேட்பாளர் கணக்கில் சேரும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சில வாரங்களில் சட்டத்தைத் திருத்தி அதைச் செல்லாததாக்கிவிட்டார்கள். மேலே எல்லையில்லாத வாய் திறந்திருந்தால் அதில் ஊற்றுகிறவர்கள் வரத்தான் செய்வார்கள்.

கம்பெனி நன்கொடையை அடியோடு தடை செய் என்று நான் கேட்கமாட்டேன். அதையும் செய்து பார்த்தாயிற்று. 1957-இல் டாடா இரும்பு உருக்குக் கம்பெனி கட்சிகளுக்குப் பணம் தர அனுமதி கேட்டபோது எதிர்த்து பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வாதாடியவர் ஒரு பங்குதாரர். தோற்றார். அனுமதித்த தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளாவே, இந்தப் பழக்கம் வளர்ந்தால் ஜனநாயகத்தின் குரல்வளையை நெரிக்கும் என்று தீர்ப்பிலேயே எச்சரித்தார். 1960-இல் வரம்பு வந்தது. 1969-இல் முழுத் தடை வந்தது. நடந்தது என்ன? காசோலையில் வந்த பணம் பெட்டியில் வந்தது. 1985-இல் தடையை எடுத்தார்கள். ஆகவே வாசலைச் சாத்துவதில் எனக்கு நம்பிக்கையில்லை. வாசலில் விளக்கு வேண்டும், வீட்டுக்காரருக்குத் தெரிந்து கதவு திறக்க வேண்டும்.

அமெரிக்கா எதிர்த் திசையில் போனது. 2010-இல் சிட்டிசன்ஸ் யுனைட்டட் வழக்கில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், தேர்தலை ஒட்டிக் கம்பெனிகள் தாமாகச் செய்யும் செலவுக்கு வரம்பு போட முடியாது, அது பேச்சுரிமை என்று தீர்ப்பளித்தார்கள். கம்பெனிக்கு அரசியல் சட்ட உரிமை இல்லை என்று எழுதி அரசியல் சட்டத்தையே திருத்து என்று அங்கே இயக்கம் நடக்கிறது. நம் அரசியல் சட்டம் அவர்களுடையதைவிட இந்த ஒரு விஷயத்தில் தெளிவு. குடிமகன் என்றால் ரத்தமும் சதையும் உள்ள ஆள்தான்.

எனக்குப் பிடித்தது பிரிட்டன் செய்த ஏற்பாடு. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த விதிப்படி அங்கே ஒரு கம்பெனி ஆண்டுக்கு 5,000 பவுண்டுக்கு மேல் அரசியல் நன்கொடை தர வேண்டுமானால் பங்குதாரர் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற வேண்டும். கொடுக்கும் எண்ணமே இல்லாத பெரிய கம்பெனிகள்கூட, தவறிப்போய் விதியில் மாட்டிக்கொள்ளக் கூடாதென்று ஆண்டுதோறும் அந்தத் தீர்மானத்தை வைத்து ஒப்புதல் வாங்கிக்கொள்கின்றன. அந்த பயம் இங்கே வேண்டும்.

புரோமோட்டர் கையில் பாதிக்கு மேல் பங்கு இருக்கும்போது நம் நூறு பங்கால் என்ன ஆகும் என்பீர்கள். உண்மைதான். கம்பெனியில் ஒரு பங்குக்கு ஒரு ஓட்டு. புத்தூர் வாக்குச்சாவடியிலோ ஆளுக்கு ஒரு ஓட்டு. ஜிஎச் வாசலில் பழம் விற்கும் அம்மாவுக்கும் அதே மைதான், புரோமோட்டருக்கும் அதே மைதான். கம்பெனிக் கணக்கு வாக்குச்சாவடிக்குள் நுழைவதுதான் எனக்கு ஆகவில்லை. அதைத் தடுக்கும் இடம் கம்பெனிக் கூட்டம். அங்கே தோற்றாலும் கேள்வி கேட்டோம் என்று பதிவாகும். கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்டால் பதில் சொல்லாமல் தலைவர் அடுத்த பேச்சுக்குப் போவது கஷ்டம்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஜூலை, ஆகஸ்டில் ஆண்டறிக்கை மின்னஞ்சலில் வரும். முன்பு வழவழத் தாளில் தபாலில் வந்து பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போன அதே அறிக்கை. இப்போது திறக்காமலே நீக்குகிறோம். திறந்து, 'இதர செலவுகள்' குறிப்பில் 'பொலிட்டிகல் கான்ட்ரிபியூஷன்', 'எலக்டோரல் டிரஸ்ட்' என்ற சொற்களைத் தேடுங்கள். டிரஸ்ட் என்று இருந்தால் விழித்துக்கொள்ளுங்கள். பத்திரம் போன பிறகு பணம் அந்த வழியாக ஓடுகிறது. பல கம்பெனிகளின் பணம் ஒரே டிரஸ்டில் கலந்து கட்சிகளுக்குப் பிரிவதால், உங்கள் கம்பெனியின் பணம் எந்தக் கட்சிக்குப் போனது என்று அதிலிருந்து தெரியாது. டிரஸ்ட் சட்டப்படியானதுதான். கேள்வியும் சட்டப்படியானதே.

பெரும்பாலான பெரிய கம்பெனிகள் கூட்டத்தை இப்போது காணொளியில் நடத்துகின்றன. பேச விரும்புபவர் முன்கூட்டியே மின்னஞ்சலில் பெயர் பதிய வேண்டும். எந்த முகவரிக்கு, என்றைக்குள் என்பது கூட்ட அறிவிப்பிலேயே இருக்கும். சென்னைக்கு ரயிலேற வேண்டாம், வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபடி இரண்டு நிமிடம் பேசலாம். பேசக் கூச்சமாக இருந்தால் கம்பெனிச் செயலாளருக்குத் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதுங்கள். மூன்று வரி போதும்:

'சென்ற நிதியாண்டில் நம் கம்பெனி அரசியல் கட்சிகளுக்கோ தேர்தல் டிரஸ்டுகளுக்கோ கொடுத்தது எவ்வளவு, யாருக்கு? எந்த இயக்குநர் கூட்டத்தில் முடிவானது, காரணம் என்ன? இனிமேல் அப்படிக் கொடுப்பதற்கு முன் பங்குதாரர்களின் ஒப்புதலைப் பெற இயக்குநர் குழு தயாரா?'

நேரடிப் பங்கு இல்லை, ஃபண்ட் மட்டும்தான் என்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. ஃபண்ட் நிறுவனங்கள் தாம் பங்கு வைத்திருக்கும் கம்பெனிகளின் தீர்மானங்களில் கட்டாயம் ஓட்டுப் போட வேண்டும், எப்படிப் போட்டன என்று வெளியிட வேண்டும் என்பது செபியின் விதி. உங்கள் மூவாயிரம் ரூபாய் எஸ்ஐபியையும் ஆயிரக்கணக்கானோர் பணத்தையும் சேர்த்து வைத்திருக்கும் ஃபண்ட் மேலாளர் கேட்டால் கம்பெனி எழுந்து நின்று பதில் சொல்லும். அவருக்கு அதே மூன்று வரியை அனுப்புங்கள்.

நம் தொகுதியில் ஓட்டுக் கேட்டு வரும் எல்லாக் கட்சி வேட்பாளரிடமும் கேட்க ஒன்று இருக்கிறது: 182-வது பிரிவில் 'இயக்குநர் தீர்மானம்' என்று இருக்கும் இடத்தில் 'பங்குதாரர் தீர்மானம்' என்று திருத்த உங்கள் கட்சி நாடாளுமன்றத்தில் குரல் கொடுக்குமா? ரோடும் சாக்கடையும் கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே இதையும் கேளுங்கள்.

மார்ச்சில் கணக்கு முடிக்கும் கம்பெனிகள் செப்டம்பர் 30-க்குள் ஆண்டுக் கூட்டத்தை நடத்தியாக வேண்டும். அறிவிப்பு 21 நாள் முன்னதாக வரும். இந்த வருடம் அதைத் திறந்து பார்க்காமல் நீக்கிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் சக பங்குதாரன்,
புத்தூர், திருச்சிராப்பள்ளி.